மைக்கில் விட்ட சாபம்

என் மாமா, அதாவது அக்காவின் கணவர், சட்டமன்றத் தேர்தல் நேரத்தில் கட்சி மாறினார். அதற்குச் சில நாள் முன்புதான் ஊர் ஆண்களை அம்மன் கோயிலில் நிறுத்தி, பழைய கட்சிக்கே உழைப்போம் என்று எரிகிற கற்பூரத்தில் அடிக்க வைத்துக் கட்சிக்காரர்கள் சத்தியம் வாங்கியிருந்தார்கள். மாமாவும் அடித்திருந்தார்.

கூட்டேரிப்பட்டில் நடந்த கூட்டத்தில் பழைய கட்சியின் பேச்சாளர் மாமாவை விடவில்லை. ரோட்டைப் பற்றியோ தண்ணீரைப் பற்றியோ சொல்ல அந்த மனுஷனிடம் ஒன்றும் இல்லை. "தாயே, சத்தியத்த மீறுனவன் வம்சத்த நீயே பாத்துக்க!" என்று மைக்கில் கத்தினார். கூட்டம் விசிலடித்தது. எனக்கு எரிச்சல் வந்தது. அக்காவுக்குக் குலை நடுங்கிவிட்டது.

அடுத்த வாரமே அவளுடைய ஒரே மகளுக்குக் காய்ச்சல் கண்டு, வலிப்பும் வந்தது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் மூளைக்காய்ச்சல் என்றார்கள். டாக்டர் பொறுமையாக விளக்கியது எதுவும் அக்காவின் காதில் ஏறவில்லை. குழந்தைக்குப் பக்கத்தில் மாமாவை உட்கார வைத்துவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு திண்டிவனத்தில் இருந்த பேச்சாளர் வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே அவர் காலில் விழுந்தாள்.

"அண்ணா, நீங்க சொன்னத திருப்பி வாங்கிக்கங்கண்ணா."

அவருக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் சிரித்துவிட்டார்.

"அது மேடைக்குப் பேசுறதும்மா. ஊருக்கு ஊரு அதத்தான் பேசிக்கினு இருக்கேன். நானே கோயிலுக்குப் போற ஆளு இல்ல. சரி, வாபஸ் வாங்கிக்கிறேன், போதுமா?"

"இங்க சொன்னா எப்டிண்ணா? மைக்ல தானே சொன்னீங்க? மைக்லயே சொல்லுங்க. அம்மன் அதத்தான் கேட்டுக்கினு இருந்திருப்பா."

அவர் சிரிப்பு நின்றது. "எலெக்‌ஷன் நேரத்துல பேஜாரு பண்ணாதம்மா. தம்பி, ஜல்தி கூட்டிக்கினு போப்பா."

குழந்தை பிழைக்கவில்லை.

புதைத்த மண் காய்வதற்குள் அவருடைய கூட்டம் எங்கள் ஊருக்கே வந்தது. இந்த முறை அவர் சாபம் விடவில்லை. "தாயே, ஒன் கோயில்ல பொய் சத்தியம் பண்ணவன் வூட்டுல என்ன நடந்துச்சின்னு இந்த ஊருக்கே தெரியும்!" என்றார்.

ஸ்பீக்கர் சத்தம் எங்கள் வீட்டுக்குள்ளும் தெளிவாகக் கேட்டது. அந்த ஆளின் கழுத்தை நெரிக்க வேண்டும் என்று எனக்கு வெறி வந்தது. அக்காவும் கொதித்துப்போய் எழுந்திருப்பாள் என்று நினைத்துத் திரும்பினேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, அதுவரை ஒருநாளும் மரியாதை குறைத்துப் பேசியிராத தன் புருஷனைப் பார்த்துச் சொன்னாள்:

"எம்பொண்ண கொன்னுட்டியேடா."