ஃபிளஷ் டேங்கில் பதிமுகம்

எங்கள் கக்கூஸில் தண்ணீர் ஓடுகிற சத்தம் நிற்கவே இல்லை. மாடித் தொட்டியை நிரப்பினால் அரைநாளில் காலி. தரை நனையவில்லை, சுவரிலும் ஈரமில்லை. அப்படியானால் எங்கே போய்த் தொலைகிறது? ஒரு விஷயம் புரியவில்லை என்றால் எனக்குச் சோறு இறங்காது.

என் வீட்டுக்காரருக்கு வேறு கவலை. மூத்திரப்பையில் இருந்த கட்டியை எடுத்துவிட்டு அப்போதுதான் வீடு வந்திருந்தார். மூத்திரம் சிவப்பாகக் கண்டால் உடனே வரவேண்டும் என்று காரக்கோணம் ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். "பிளம்பர விளிக்கட்டா?" என்று கேட்டால், "கெடக்கட்டும், இப்ப என்ன அவசரம்?" என்பார். குழாய் சொட்டினாலே வீட்டை இரண்டாக்குகிற மனிதர் அவர்!

நானே ஃபிளஷ் டேங்கின் மூடியைத் தூக்கினேன். மேலே நிரம்பி வழியவில்லை. அப்படியானால் அடியில்தான் ஒழுகவேண்டும். ஆனால் கண்ணால் பார்க்காமல் நம்புகிற ஆள் நானில்லை. தண்ணீருக்கு நிறம் கொடுத்தால் தெரிந்துவிடுமே! அடுப்படியில் பதிமுகம் இருந்தது. குடிதண்ணீரில் போட்டுக் கொதிக்கவைக்கும் மரச்சீவல். எங்கள் பக்கத்தில் அந்தச் செந்நிறத் தண்ணீர் இல்லாத வீடு அபூர்வம். ஒரு கை அள்ளிப் போட்டு, கடும் சிவப்பாகக் காய்ச்சி ஆறவைத்து, டேங்கில் ஊற்றினேன்.

கொஞ்ச நேரத்தில் குளோசெட்டுக்குள் மெல்லிய சிவப்புக் கோடு இறங்கியது. பிடித்துவிட்டேன்! அடியிலுள்ள ரப்பர் வாசர்தான் கள்ளன். குதித்துக்கொண்டு பிளையர் தேடக் கொல்லைப்பக்கம் போனேன்.

திரும்பி வந்தால், கக்கூஸுக்குப் போய்வந்த அவர் சட்டை மாட்டிக்கொண்டிருக்கிறார். முகம் வெளிறிக் கிடக்கிறது.

"எங்க பெறப்பட்டாச்சு?"

"காரக்கோணம் வரைக்கும் போயிட்டு வாறேன். சின்ன ஜோலி உண்டு."

"நானும் வாறேன்."

"வேண்டாம்ணு சொன்னேன்லா!"

பொத்தானைத் துளை மாற்றி மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அய்யோ, அது பதிமுகமாக்கும்!"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டேங்கைக் காட்டினேன். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை. சிவந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி ஓடிட்டே கெடந்தா மூத்திரத்துக்க நெறம் தெரியாது. பாக்காண்டாம்லா. அதுக்குத்தான் கெடக்கட்டும்ணேன்," என்றார். "எனக்குப் பயமாக்கும்."

இத்தனை நாளும் தண்ணீர் எங்கே போகிறது என்று தேடினேனே, இந்த மனிதரை ஒரு வார்த்தை கேட்டேனா என்று என்மேலேயே கோபம் வந்தது.

டேங்குக்கு வரும் வால்வை மூடி வாசரைக் கழற்றினேன். இறுகிப்போய் வெடித்திருந்தது. உதியன்குளங்கரையில் புதிது வாங்கி வந்து மாட்டினேன். தண்ணீர் நின்றது.

இப்போதெல்லாம் அவர் ஃபிளஷ் அமுக்காமல் வெளியே வந்து, "எட்டி, ஒண்ணு பாரு," என்று சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறார். நான் உள்ளே போய்ப் பார்க்கிறேன்.

"மஞ்சளாக்கும்!" என்று கத்துகிறேன்.

அதற்குப் பிறகுதான் அவர் மூச்சு விடுகிறார். நானும்.