தண்ணி என்று அக்கா சொன்னது

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் புனேயில், கசார்வாடியில் குடியிருந்தோம். நான் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். அம்மா அப்பா வீட்டில் பேசிய தமிழ்தான் எனக்குத் தெரிந்த தமிழ். அது போதும் என்ற திமிர் இருந்தது.

பக்கத்து வீட்டு முருகேசன் அண்ணன் சேலத்திலிருந்து லேத் பட்டறை வேலைக்குப் புதிதாக வந்தவர். ஒருநாள் அவர் கண்கள் மஞ்சளாகிவிட்டன. அவருக்கும் மனைவி செல்வி அக்காவுக்கும் இந்தி வராது என்பதால் டாக்டரிடம் நான் கூடப் போனேன்.

"கானா பீனா கைசா ஹை?" என்று டாக்டர் கேட்டார். சாப்பிடுவது, குடிப்பது எல்லாம் எப்படி என்று அக்காவிடம் கேட்டேன்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். "தெனமும் தண்ணி சாப்பிடுவாரு கண்ணு. நெறையவே."

இதற்கு ஏன் வெட்கம் என்று நினைத்தபடி, "பானி பஹுத் பீதே ஹைன்", தண்ணீர் நிறையக் குடிக்கிறார் என்றேன்.

"நல்லதாம், நிறையக் குடிக்கணுமாம்" என்று டாக்டரின் பதிலைத் தமிழில் சொன்னேன்.

"நெசமாவா கண்ணு?"

"டாக்டர் சொன்னதைத்தானே சொல்றேன்" என்றேன் எரிச்சலோடு. கண் மஞ்சளான பிறகு அண்ணன் அன்றுதான் சிரித்தார்.

அடுத்த மழைக்காலத்தில் அவர் ரத்தவாந்தி எடுத்தார். பெரிய ஆஸ்பத்திரியில், ஈரல் சுருங்கிவிட்டது, சாராயம் குடிப்பாரா என்று என் மூலம் கேட்டார்கள்.

"அதான் அன்னைக்கே தண்ணின்னு சொன்னேனே கண்ணு" என்றார் அக்கா. "அந்த டாக்டரு நல்லதுன்னாரே."

காமாலை வந்தபோதே குடியை நிறுத்தியிருந்தால் பிழைத்திருக்கலாம் என்றார்கள். நான்காம் நாள் அண்ணன் இறந்துபோனார்.

அந்த டாக்டரை அக்கா இன்றும் திட்டுகிறார். அவர் சொன்ன தண்ணியை நான்தான் பானி ஆக்கினேன் என்பது அவருக்கு இன்னும் தெரியாது.