யாரும் அழுத்தாத பொத்தான்

எனக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. சாஃப்ட்வேர் வந்த பிறகு அது இன்னும் மோசமானது.

சூலக்கரைக்கு அந்தப் பக்கம் நுண்ணுயிர் உரம் தயாரிக்கிற சின்னக் கம்பெனி எங்களுடையது. தரக் கட்டுப்பாடு என் பொறுப்பு. எங்களிடம் மொத்தமாக வாங்குகிறவர்கள், இனிமேல் பேப்பர் பதிவு செல்லாது, எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். முதலாளி மனசே இல்லாமல் ஒரு சாஃப்ட்வேர் வாங்கினார். அறைக்கு ஒரு டேப்லெட், அதில் ஒரு சிவப்புப் பொத்தான். வேலையில் எது தப்பாகப் போனாலும், பார்த்தவர் அதை அழுத்தி என்ன நடந்தது என்று பதிய வேண்டும்.

ஒரு மாதம் ஆகியும் யாரும் அழுத்தவில்லை. திரையில் பூஜ்யம். முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கோ அது பொய் என்று தெரியும். உரம் கொட்டிக் கழுவிய தரை இன்னும் ஈரமாக இருக்கும். பதிவில் எதுவும் இருக்காது. இந்தப் பூஜ்யத்தை எவன் நம்புவான்? அறை அறையாக நடந்தேன், போன இடமெல்லாம் கத்தினேன்.

பாட்டிலில் நிரப்பும் அறையில் ஒரு அக்கா இருந்தார். சாத்தூர்ப் பக்கம். எங்கள் கம்பெனிப் பெண்களில் பாதிப் பேரைப் போல அவரும் முன்பு பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர். கடைசியில் அவர்தான் வாயைத் திறந்தார்.

“அங்கன ஒருத்தி, வெடிமருந்து ரூமுல லேசாப் புகைஞ்சதுன்னு சொல்லிட்டா மேடம். ஆபீசருக வந்து கம்பெனிக்குச் சீல் வச்சுட்டாக. சீசன் அம்புட்டும் போச்சு. ஊரே அவளத்தான் ஏசுச்சு. இதையும் அழுத்திட்டு நாங்க எங்கன போவோம்?”

“அழுத்துனா யாரு வேலையும் போகாது. நான் பொறுப்பு” என்றேன், கோபத்தோடு. அப்படி வாக்குக் கொடுக்க எனக்கு யார் அதிகாரம் தந்தார்கள் என்பது வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் உறைத்தது.

அந்த வாரமே அவர் அழுத்தினார். தொட்டி மூடியின் ரப்பர் வாஷர் கீறல் விட்டிருந்ததைப் பாதி நிரப்பிய பிறகுதான் பார்த்திருக்கிறார். கீறல் வழியாக வெளிக்கிருமி புகுந்திருக்கும்; அந்தத் தொட்டி உரம் முழுவதும் வீண். சாயங்காலம் கிளம்ப வேண்டிய லோடு நின்றது. முதலாளி என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

“ஏம்மா, மூடியப் பாக்காம நிரப்புனது அவதான? கவனக்குறைவுன்னு போடு. நாளையில இருந்து அவள வர வேண்டாம்னு சொல்லிரு.”

வாஷரை மாற்றச் சொல்லி நான் முன்பே கேட்டிருந்தேன். அடுத்த மாசம் பார்ப்போம் என்று சொன்னவர் அவர்தான். ‘காரணம்’ என்ற கட்டத்தில் அதையே எழுதினேன். எழுதியதை யாராலும் அழிக்க முடியாது. அவரும் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த தொட்டியைத் திறக்கலாம். திரையைப் பார்த்தார், காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கையெழுத்து வரவில்லை. சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. ஆய்வகம், தொட்டி, நிரப்பும் அறை, திரும்ப ஆய்வகம் என்று அலைந்தேன். தினமும் சாயங்காலம் வாசலில் அக்கா கேட்பார்: “நாளைக்கு வரட்டுமா மேடம்?” “வாங்க” என்பேன்.

வாங்குகிறவர்கள் போன் மேல் போன் போட்ட பிறகு முதலாளி இறங்கி வந்தார். “என் தப்ப எழுதி என்னையே கையெழுத்துப் போட வைக்கிற” என்று முறைத்துக்கொண்டே போட்டார். புது வாஷரும் வந்தது. அக்காவிடம் போய், உங்கள் வேலைக்குப் பயமில்லை என்று சொன்னேன். அன்றுதான் எனக்குப் பசித்தது.

மறுநாள் காலையில் திரையில் புதிதாக ஒரு சிவப்புக் குறி. அக்கா பதிந்தது. ‘குவாலிட்டி மேடம் தொப்பி போடாம நிரப்புற ரூமுக்குள்ள வந்து வந்து போறாக.’

எரிச்சல் மண்டைக்கு ஏறியது. யாருக்காக இத்தனை நாள் அலைந்தேன்? விறுவிறுவென்று போனேன். வாசலில் நின்று, தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

“என்னையே மாட்டி விட்டுட்டீகளே அக்கா?”

அவர் கையிலிருந்த பாட்டிலை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். முகம் வெளிறியிருந்தது.

“அழுத்துனா யாரு வேலையும் போகாதுன்னீகளே” என்றார், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். “உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல மேடம்?”