முழங்காலும் முடக்கத்தானும்

"வலது முழங்கால் மூட்டுத் தேய்மானத்தால் அவதிப்படும் மேற்படியார், மாடிப்படி ஏறவும், நெடுநேரம் நிற்கவும், மிதிவண்டி ஓட்டவும் உடல்தகுதி அற்றவர்."

ஆவடியில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் கோப்பில் 1987 முதல் செங்கல்வராயன் இப்படித்தான் இருந்தார். கோப்புக்கு வெளியே, ஞாயிறுதோறும், கூவம் ஆற்றங்கரை முட்காட்டுக்குள் சைக்கிளில் பறந்துகொண்டிருந்தார்.

பருத்திப்பட்டுப் பாலத்தருகே இறங்கினால் திருவேற்காடு வரை கரையோரமாக ஓர் ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் வேலிகாத்தான் முள், மறுபக்கம் ஆறு, நடுவில் ஒரு சக்கரத்துக்கு மட்டும் இடம். பனைவேர்கள் குறுக்கே புடைத்திருக்கும். மேடேறி முடிப்பதற்குள் மணல் சறுக்கும். அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்துக் கூவத்தில் தண்ணீர் தண்ணீராகவே ஓடியது. செங்கல்வராயன் தன் கறுப்பு சைக்கிளின் மட்கார்டு, செயின் கவர், கேரியர் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, பால்காரர்கள் போடும் தடித்த டயரை மாட்டியிருந்தார். சீட்டில் உட்காருவதெல்லாம் ரோட்டில் போகிறவர்களுக்கு. இவர் பெடல்மேல் நின்றபடி, இறக்கத்தில் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, முள்கிளை வந்தால் ஹாண்டில்பாரோடு தலையை ஒட்டிக்கொண்டு போவார். நாற்பத்தேழு வயதில் அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் இதுதான். சீட்டாட்டமோ சாராயமோ என்றால் ஒளித்து வைத்திருக்கவே வேண்டியதில்லை.

ஒளித்ததற்குக் காரணம் வீடு. தரைத்தளத்துக் குவார்ட்டர்ஸ், குழாய்த் தண்ணீர், பின்னால் முருங்கை. வரிசைப்படி காத்திருந்தால் பல வருஷம் ஆகும். உடம்புக்கு முடியாதவர் என்றால் முந்திக்கொள்ளலாம். "ஊர்ல இல்லாத அதிசயமா? எல்லாரும்தான் வாங்குறாங்க" என்று மனைவி நாகவல்லி சொன்னாள். தெரிந்த டாக்டர் ஒருவர் முழங்காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் எழுதிக் கொடுத்தார்.

குடிவந்த அன்று பீரோவைத் தூக்க வந்தவர்தான் தசரதன், ஒரே ஒர்க்ஷாப்பில் ஒரே பெஞ்சில் வேலை செய்த சிநேகிதர். பீரோவை இறக்கிவிட்டு, வேர்வையைத் துடைத்தபடி சாதாரணமாகச் சொன்னார்: "அடுத்தது என்கு வர வேண்டிய ஊடு மச்சான் இது. போவட்டும். உன் முட்டிக்கு வந்துச்சே, அது போதும்."

தசரதன் குடியிருந்தது குமணன்சாவடியில், ஒரு மாடி வீட்டில். தண்ணீர்ப் பம்பு கீழே. மனைவி சாமுண்டீஸ்வரிக்கு இருதயத்தில் கோளாறு; ஒரு குடம் மேலே ஏறுவதற்குள் மூன்று இடத்தில் உட்காருவாள். இதெல்லாம் செங்கல்வராயனுக்கு முன்பே தெரியும். வரிசையில் அடுத்த ஆள் தசரதன் என்பதுதான் தெரியாது. விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும், விசாரிக்கவில்லை.

வாரம் முழுக்க அவர் நொண்டினார். அதிலும் ஒரு விசேஷம்: பொய்யாக நொண்டியது செவ்வாய் முதல் சனி வரைதான். திங்கட்கிழமைகளில் ஞாயிறன்று விழுந்து வைத்ததில் உண்மையாகவே வலிக்கும், பெரும்பாலும் இடது காலில். கிளம்பும்போது நாகவல்லி வாசலில் நின்று கேட்பாள்: "இன்னிக்கி எந்தக் காலு?"

இத்தனையும் அவர் தாங்கியிருப்பார். தாங்க முடியாமல் போனது கீரை.

தசரதன் தினமும் அதே ஆற்றோரப் பாதையில்தான் வேலைக்கு வருவார். அவருக்கு அது குறுக்கு வழி. மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவார். வழியில் புதர்மேல் முடக்கத்தான் கொடி படர்ந்திருக்கும், மூட்டுவலிக்குக் கைகண்ட கீரை. புதன்கிழமை தவறாமல் ஒரு மஞ்சள் பை நிறையப் பறித்து வந்து செங்கல்வராயன் மேஜைமேல் வைப்பார். "தோச மாவுல அரைச்சிப் போடச் சொல்லு நைனா. முட்டி சும்மா கிண்ணுனு நின்னுக்கும்." புதன் ராத்திரி பச்சை தோசையைப் பிட்டு வாயில் வைக்கும்போதெல்லாம் செங்கல்வராயனுக்குக் குமணன்சாவடி மாடிப்படி கண்முன் வரும். கோளாறில்லாத முட்டிக்கு இத்தனை கீரை சாப்பிட்ட மனிதர் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருந்திருக்க மாட்டார்.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குமணன்சாவடிக் கூட்டுரோட்டில் சாலை மறியல். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. இது தெரியாத செங்கல்வராயன் வழக்கம்போல ஆற்றோரம் வந்து, இரட்டைப் பனையருகே இருந்த இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் இறங்கி, வேர்மேல் எம்பி, வளைவில் திரும்பினார். எதிரே பாதை நடுவில் தசரதன் நின்றார். அவர் சைக்கிளின் முன்டயர் முள் குத்திச் சப்பையாகிக் கிடந்தது. பனையடியில் சாமுண்டீஸ்வரி மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆவடித் தொழிற்சாலை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அப்படியே நின்றுபோயிருந்தார்கள்.

செங்கல்வராயன் சைக்கிளை விட்டு இறங்கினார். இறங்கியதும், பழக்கதோஷம், நொண்டினார்.

தசரதன் பார்த்தார். "இன்னிக்கி ஞாயித்துக்கெயம மச்சான். லீவு வுடு."

"தசரதா, நான் வந்து..."

"அத்த அப்பாலிக்கா பேசலாம். இவளுக்கு மூச்சு வாங்குது. உன் வண்டில கேரியர் எங்க?"

"கயட்டிட்டேன்."

"எதுக்கு?"

"வெயிட்டா கீதுன்னு."

தசரதன் மனைவியைத் தூக்கி செங்கல்வராயனின் சைக்கிள் முன்கம்பியில் உட்காரவைத்தார். "என்கு இந்தத் தடத்துல டபுள்ஸ் வராது. நீதான் பறக்கறியே. போ."

போனார். சக்கரம் எந்த வேரில் ஏறினால் குலுங்காது, எந்த மணலில் கால் ஊன்றாமல் கடக்கலாம் என்று இரண்டு வருஷமாகத் திருட்டுத்தனமாகக் கற்றதெல்லாம் அன்று உதவியது. பாதி வழியில் சாமுண்டீஸ்வரி கேட்டாள்: "அண்ணா, முட்டி வலிக்கலியா?"

"வலிக்குதும்மா." நிஜமாகவே வலித்தது.

"அவரு மறந்துட்டாக்கூட... கீரைய நான்தான் ஞாபகப்படுத்துவேன்" என்று மூச்சுக்கு நடுவே சொன்னாள்.

பாலத்தில் ஏறியதும் இரண்டு வழி. பின்பக்கம் சுற்றிப் போனால் யார் கண்ணிலும் பட வேண்டாம். நேராகப் போனால் காய்கறிக் கடைகள், மெயின் கேட், குவார்ட்டர்ஸ் சனம் மொத்தமும். ஒரு கணம் அவர் சுற்றுவழியை யோசித்தார். அந்த ஒரு கணத்தை அவர் பிறகு தனக்குத்தானே மன்னிக்கவே இல்லை. நேராகத்தான் போனார். கேட்டில் வாட்ச்மேன் வேம்புலி வாயைப் பிளந்தார்: "அண்ணாத்தே! இன்னாது, சைக்கிளா!"

சாமுண்டீஸ்வரி பிழைத்துக்கொண்டாள்.

பொய் அத்தோடு வெளுத்துவிடும் என்று செங்கல்வராயன் காத்திருந்தார். கிட்டத்தட்ட ஆசைப்பட்டார். ஊர் அதற்கும் வழி விடவில்லை. "அந்த முட்டிய வச்சிகினு ஒரு உசுரக் காப்பாத்திக்கீறாரு பாரு" என்று ஷாப் முழுக்கப் பேச்சு. ஊழியர் நலச் சங்கத்தில் சால்வை போர்த்தினார்கள். தசரதனும் வந்திருந்தார், கைதட்டினார், யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அந்தப் புதன்கிழமை மேஜைமேல் கீரை இல்லை. அடுத்த புதனும் இல்லை.

"இன்னா, தசரதன் அண்ணன் கீர கொண்டாரலியா?" என்றாள் நாகவல்லி.

"முட்டி சரியாப் போச்சின்னு தெரிஞ்சிப்போச்சு."

அவள் தோசைக்கரண்டியைக் கீழே வைத்தாள். அடுப்பை அணைத்துவிட்டு, "அப்போ ஊட்ட அவங்களுக்குக் குடுத்துட்டு, சால்வையப் போத்திகினு அவங்க மாடி ஏறுங்க. நானும் வந்து தொலைக்கிறேன்" என்றாள்.

செங்கல்வராயன் குவார்ட்டர்ஸ் ஒதுக்கும் அதிகாரியிடம் போய், முட்டியில் ஒன்றுமில்லை, சர்டிபிகேட் பொய், வீட்டைத் தசரதனுக்குக் கொடுங்கள் என்றார். அதிகாரி நெகிழ்ந்துபோனார். "தியாகத்துக்கும் ஒரு அளவு இருக்கு, செங்கல்வராயன்."

"தியாகம் இல்ல சார். நெசம்."

அதிகாரியின் நெகிழ்ச்சி வடிந்தது. "நெசம்னா நான் உங்க மேல நடவடிக்கை எடுக்கணும். டாக்டரைக் கேக்கணும், கையெழுத்துப் போட்ட என்னையே கேப்பாங்க. முட்டி இருந்தபடி இருக்கட்டும். வீட்டைத் திருப்பித் தர்றது சொந்தக் காரணம்னு எழுதுங்க."

அதனால் கோப்பில் அந்த வாக்கியம் அப்படியே நின்றது. படியேறத் தகுதியற்றவர் படியேறினார். மிதிவண்டி ஓட்டத் தகுதியற்றவருக்கு ஆற்றோரப் பாதை வாரத்துக்கு ஒருநாள் என்பது போய் தினமும் என்றாயிற்று. தண்டனை இவ்வளவு இனிப்பாக இருக்கக் கூடாது என்று அதற்கும் சேர்த்துக் கூசினார்.

செங்கல்வராயன் வீட்டைத் திருப்பிக் கொடுத்தார். தசரதனும் சாமுண்டீஸ்வரியும் அதில் குடியேறினார்கள். அவர்கள் விட்டுப்போன குமணன்சாவடி மாடி வீட்டுக்குச் செங்கல்வராயன் போய், 1998இல் ஓய்வுபெறும்வரை தினமும் அந்தப் பாதையில் சைக்கிள் மிதித்து வேலைக்கு வந்தார். சைக்கிளில் கேரியரைத் திரும்ப மாட்டியிருந்தார்.