மலை ரயிலுக்கு இரண்டு டிக்கெட்

அக்காவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. ஆம்பூரிலிருந்து பஸ்ஸில் வேலூர் போய், நாலு மணி நேரம் படுத்துக் கிடந்துவிட்டு வருவாள். அந்த நாலு மணி நேரமும் போனில் ஊட்டி மலை ரயில் வீடியோதான்.

"என்ஜின் முன்னாடி இழுக்கலடா, பின்னாடி இருந்து தள்ளுது. நடுவுல பல்லு பல்லா ஒரு தண்டவாளம் கீது, பாத்தியா?"

"பாத்தேங்க்கா."

"நீ எங்க பாத்த? நீ பள்ளத்தைத்தான் பாத்திருப்ப."

உண்மைதான். பாலம் வந்தால் நான் பாலத்தைப் பார்ப்பதில்லை, அது உடைந்தால் என்ன ஆகும் என்றுதான் பார்ப்பேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எட்டாவதில் பெயிலாகிவிடுவோமோ என்ற பயத்தில் முழுப் பரீட்சைக்கே போகாமல் பள்ளிக்கூடத்தை விட்டவன். அக்கா திட்டித் தீர்த்தாள். பிறகு அவள் வேலை செய்த ஷூ கம்பெனியிலேயே என்னையும் சேர்த்துவிட்டாள். இருவரும் ஷூவின் மேல்பாகம் தைக்கும் மெஷினில் இருந்தோம். கிட்னி போன பிறகு அவள் வீட்டோடு நின்றுவிட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

"ஒருவாட்டி அதுல ஏறிட்டேன்னா போதும்டா. அப்புறம் எத்தினி ஊசி வேணா குத்தட்டும்" என்று ஒருநாள் சொன்னாள். டாக்டரிடம் அவளே கேட்டாள். போய்ட்டு வாங்க, ஆனால் செவ்வாய்க்கிழமை இங்கே இருக்கணும், தண்ணீர் விஷயத்தில் கவனம் என்றார்.

விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம். சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்தால் அடுத்தது செவ்வாய். ஞாயிறு இரவு காட்பாடியில் ரயில் ஏறினால் திங்கள் விடியலில் மேட்டுப்பாளையம். அங்கே மலை ரயில். மதியமே அதில் கீழே இறங்கி, இரவு ரயிலைப் பிடித்தால் செவ்வாய் விடியற்காலை காட்பாடி. அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. வேறு வழியே இல்லை. திங்கட்கிழமை எனக்கு லீவு வேண்டும், அவ்வளவுதான்.

அந்த லீவைக் கேட்கத்தான் எனக்கு வாய் வரவில்லை. ஏற்றுமதி கன்டெய்னர் போகிற நேரம். கேட்டால் சூப்பர்வைசர் "வேலைய விட்டு அப்படியே நின்னுக்கோ" என்று சொல்லிவிடுவார் என நானே நினைத்துக்கொண்டேன். காலண்டரைப் புரட்டினேன். ரம்ஜான் திங்கட்கிழமையில் விழுந்திருந்தது. கம்பெனி எப்படியும் மூடியிருக்கும், யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம். இரண்டு மாதம் முன்னதாக முன்பதிவு திறக்கிற அன்று, ஸ்டேஷன் கவுண்டரில் முதல் ஆளாக நின்றேன். முன்பதிவுப் பாரத்தை மூன்று தடவை கிழித்து எழுதினேன். போக வர எல்லா ரயிலிலும் இருவருக்கும் சீட்டு கிடைத்தது.

டிக்கெட் கைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஆம்பூரில் ரம்ஜானைக் காலண்டர் சொல்லாது, பிறைதான் சொல்லும். ஞாயிறு சாயங்காலம் பிறை தெரிந்தால் திங்கள் பெருநாள். தெரியாவிட்டால் செவ்வாய், திங்களன்று கம்பெனி உண்டு. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன் இதை மறந்தேன்.

பக்கத்து மெஷின் பாயை நோன்பு மாதம் முழுக்க நச்சரித்தேன்.

"பாய், திங்கக்கிழமையே வந்துருமா?"

"அத அல்லா கிட்ட கேளு. என்னை இன்னா கேக்குற?"

"இல்ல பாய், ஒரு அந்தாஸா, உத்தேசமா..."

"நோன்பு இருக்குறது நானு. பேஜார் ஆவுறது நீயா?" என்றார். லைனில் எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. ஞாயிறன்று கவுண்டர் இரண்டு மணி வரைதான். பிறை ஆறரைக்கு மேல்தான். ஒரு மணிக்குப் பாய்க்குப் போன் போட்டேன். "மேகமா கீதே. முப்பது நோன்பு ஆவும், செவ்வாதான் பெருநாள்னு பேசிக்கிறாங்க" என்றார். அதோடு என் மற்ற பயங்களும் சேர்ந்துகொண்டன. ரயில் லேட்டானால்? குளிரில் அக்காவுக்கு மூச்சு வாங்கினால்? டிக்கெட் கையில் இருந்தால் அவள் கிளம்பிவிடுவாள், நானும் பின்னாலேயே போய்விடுவேன் என்று பயந்தேன். ஓடிப்போய் எல்லாவற்றையும் கேன்சல் செய்தேன்.

வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. பிறை தெரியவில்லை என்ற சேதி வரட்டும், லீவு இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஊரே மொட்டைமாடியில் ஏறிப் பிறையைத் தேடிய நேரத்தில், நான் உள்ளே உட்கார்ந்து அது தெரியக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

ஏழு மணிக்குள் தெருவில் கூச்சல் கிளம்பியது. பட்டாசு வெடித்தது. எங்கோ மேகம் விலகிப் பிறை தெரிந்துவிட்டதென்று பள்ளிவாசல் மைக்கில் அறிவித்தார்கள்.

"டேய், லீவுடா! எழுந்திரு, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று அக்கா தலை வார உட்கார்ந்தாள். ஸ்வெட்டர், மாத்திரை, துண்டு எல்லாம் பையில் முந்தின நாளே ஏறியிருந்தன.

சொன்னேன். சீப்பு தலையிலேயே நின்றது.

"எப்போ பண்ண?"

"மத்தியானம்."

"என்னை ஒரு வார்த்தை கேக்கலாம் இல்ல?"

சீப்பை வைத்துவிட்டு அக்கா எழுந்து அடுக்களைக்குப் போனாள். பிரயாணத்தில் உடம்பு வீங்கக் கூடாது என்று காலையிலிருந்து வாயை நனைத்துக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறாள். எனக்கு அதுகூடத் தெரியாது. ஒரு டம்ளர் தண்ணீர் முழுசாகக் குடித்தாள். "இதுக்காவது ஆச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் போனில் ரயில் வீடியோ பார்த்து நான் காணவில்லை. திட்டவும் இல்லை.

மறு வாரமே சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றேன். இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை லீவு வேண்டும், அக்காவை ஊட்டிக்குக் கூட்டிப் போகணும் என்றேன்.

"போய்ட்டு வா. இதுக்கு இன்னாத்துக்கு இப்பிடி நடுங்குற?" என்றார். அவ்வளவுதான். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அன்று எனக்குத் தையல் நேராக வரவில்லை. மூன்று ஜோடி திரும்பி வந்தது.

மறுபடி டிக்கெட் போட்டேன். "இந்த வாட்டி டிக்கெட்டை நான் வச்சிக்கிறேன்" என்று அக்கா வாங்கித் தன் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

போக மூன்று வாரம் இருக்கும்போது, டயாலிசிஸ் இல்லாத ஒரு திங்கட்கிழமை, அவளுக்கு மூச்சு முட்டியது. வேலூர் போகும் வழியில் ஆம்புலன்ஸ் பள்ளிகொண்டாவைக்கூடத் தாண்டவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, டிக்கெட்டை எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனேன். அக்கா தவறிவிட்டாள் என்றேன். ஜன்னலுக்குள் இருந்த பெண் கேன்சல் பாரத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ரெண்டு பேருமா, ஒருத்தர் மட்டுமா? இன்னொரு சீட்டு கன்ஃபார்மா இருக்கே. நீங்க போலாமே சார்."

பின்னால் வரிசையில் யாரோ, "இன்னாப்பா, சீக்கிரம் சொல்லு" என்றார்கள்.

ரெண்டுமே என்றேன்.