பத்மஜா எழுதிய எட்டு

கொல்கத்தாவில் எந்தக் கடையில் எந்த வீடியோ கேம் பெட்டி என்ன விலைக்குப் போகிறது என்று தெரிய வேண்டுமானால், டாலிகஞ்சில் குடியிருக்கும் பத்மஜாவைக் கேட்டால் போதும். அவள் அந்தப் பெட்டியில் ஒருநாளும் விளையாடியதில்லை. 1971இல் இதே ஊரில் பிறந்தவள். தமிழைவிட வங்காளம் வேகமாக வரும், திட்டுவதற்கு மட்டும் தமிழ். கணவர் சிவராமகிருஷ்ணன் வங்கியில் ஓய்வு பெற்றவர். ஒரே மகள் ஸ்னேகா பெங்களூரில் இருக்கிறாள். 1999 ஜூலை முதல் சால்ட் லேக் ஐந்தாம் செக்டரில் ஒரு விநியோகக் கம்பெனியில் பத்மஜாவுக்கு வேலை.

வேலை இரண்டு பங்கு. செவ்வாய்க்கிழமை தன் பொறுப்பில் உள்ள கடைகளுக்குப் போய் ஆர்டர் வாங்க வேண்டும். வியாழக்கிழமை சாந்தினி மார்க்கெட்டில் சாதாரண வாடிக்கையாளர்போல் நுழைந்து, எதிராளியின் பெட்டி என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்துவர வேண்டும்.

இந்த வியாபாரத்தில் யாரும் கம்பெனிப் பெயர் சொல்வதில்லை. அவளுடைய கம்பெனி விற்கும் பெட்டி வெள்ளை, எதிராளியுடையது கறுப்பு. வெள்ளை விலை இறங்கினால் மூன்று நாளில் கறுப்பு இறங்கும்; கறுப்பு இறங்கினால் வெள்ளை அதற்கும் கீழே போகும். பெட்டி விலை கையைக் கடித்தாலும் பின்னால் விளையாட்டுகளை விற்று எடுத்துவிடலாம் என்று கம்பெனிகளுக்கு ஒரு தைரியம் உண்டு. கடைக்காரருக்கு அந்த வழி இல்லை. விளையாட்டுகளெல்லாம் இப்போது இணையத்தில் நேராக இறங்கிவிடுகின்றன. அவருக்குப் பெட்டியை விற்றால்தான் உண்டு.

2023 அக்டோபர் 9, திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு மேலாளர் ரஞ்சன் கதவைச் சாத்திவிட்டு ஒரு தாளைக் காட்டினார். வெள்ளையின் விலை 49,990 இலிருந்து 39,990 ஆகிறது. சனிக்கிழமை, மஹாளயா அமாவாசை அன்று காலை பத்து மணிக்கு அமல். தாளைப் பார்த்தவர்கள் நான்கு பேர். ரஞ்சன், பத்மஜா, கிடங்குப் பொறுப்பாளர், மூன்று மாதம் முன்பு ஒப்பந்தத்தில் சேர்ந்த தாரா.

"நாளைக்கு ஆர்டர் நாள்" என்றாள் பத்மஜா.

"வழக்கம்போல வாங்குங்க, பத்மாதி" என்றார் ரஞ்சன். வங்காளத்தில் 'தி' என்றால் அக்கா, 'தா' என்றால் அண்ணன்.

"துர்கா பூஜை ஆர்டர். ஒவ்வொருத்தரும் இருபது, முப்பதுன்னு எடுப்பாங்க. பணத்தை முன்னாலேயே கட்டிடுவாங்க. விலை இறங்கினா ஈடு கொடுக்கறதையும் ஏப்ரல்லயே நிறுத்தியாச்சு."

ரஞ்சன் தாளை மடித்தார். அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவர், கெட்டவர் அல்ல. "ஒரு கடைக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும். கறுப்புக்காரன் நமக்கு முன்னாடி இறக்கிடுவான். இது மேலிடத்து முடிவு" என்றார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது சிவராமகிருஷ்ணன், "என்ன, ரசத்துல உப்பே இல்லையே" என்றார். "போட்டேனே" என்றாள். அவர் மறுபடி ருசி பார்த்துவிட்டுத் தானே உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை ஒன்பது கடைகள். எட்டு கடைகளில் அவர்கள் சொன்ன எண்ணை அப்படியே எழுதினாள். அவற்றில் ஒன்று பேஹாலாவில் ரஞ்சனாவின் கடை. கணவர் இறந்தபின் மூன்று வருடமாக ரஞ்சனாதான் கடையைப் பார்க்கிறாள். அவள் பதினைந்து என்றாள். பதினைந்து என்று எழுதிக்கொண்டு, கொடுத்த தேநீரையும் குடித்துவிட்டு பத்மஜா வெளியே வந்தாள்.

ஒன்பதாவது கடை டாக்குரியா ரயில் நிலையத்துக்கு எதிரே செல்வராஜ் கடை. அவன் அப்பா விருதுநகரிலிருந்து துர்காபூர் உருக்காலைக்கு வேலைக்கு வந்தவர். இவன் கொல்கத்தா வந்து கடை வைத்தான். அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. 2009 பூஜைக்கு ஆர்டர் எழுதும்போது அவன் பேனா மக்கர் பண்ண, பத்மஜாவே எண்ணை எழுதினாள். பன்னிரண்டு பெட்டியும் அஷ்டமிக்குள் விற்றுத் தீர்ந்தன. அதிலிருந்து பூஜை ஆர்டரில் எண்ணுக்கான இடத்தை அவன் காலியாக விட்டுவிடுவான். "அக்கா கைராசி" என்பான். வாயால் ஓர் எண் சொல்வான், அவள் எழுதுவாள்.

"நாப்பது போடுங்கக்கா" என்றான் செல்வராஜ்.

"நாப்பதா? போன வருஷம் இருபத்திரண்டுதானே?"

"இந்தத் தடவை விட்டா கடை இல்லக்கா. பாதி இடத்தை மொபைல் கவர்க்காரனுக்குக் கொடுத்தாச்சு. மீதிப் பாதியையும் கேக்குறான். எல்லாத்தையும் தொடைச்சுப் பணம் தேத்தி வச்சிருக்கேன்."

அவன் மனைவி கவிதா உள்ளேயிருந்து, "ஸ்கூட்டரையும் வித்தாச்சு, அதையும் சொல்லுங்க. இனி அக்கா வீட்டுக்குத் தீபாவளிப் பலகாரம் நடந்துதான் வரும்" என்றாள்.

வாசலில் ஸ்கூட்டர் நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்ததை பத்மஜா பார்த்தாள். வாய் திறந்து சொல்லக் கூடாது. ஆனால் எண்ணை எழுதப்போவது அவள் கைதான். பேனாவை வாங்கி எட்டு என்று எழுதினாள்.

செல்வராஜ் தாளைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு மெல்லச் சிரித்து, தாளை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"புரிஞ்சுதுக்கா" என்றான்.

"புரிஞ்சா சரி."

"கவிதா, அக்காவுக்கு சந்தேஷ் எடு. ரெண்டா எடு."

இரண்டு இனிப்பையும் தின்றாள். சொல்லாமலே சொல்லிவிட்டோம், யாருக்கும் துரோகம் இல்லை என்ற நிம்மதியில் அன்றிரவு நன்றாகத் தூங்கினாள்.

வியாழக்கிழமை காலை பதினொன்றரைக்கு சாந்தினியில் மொத்த வியாபாரி நேபாளின் கடை. அவரும் அவளும் பல வருடங்களாக ஒரே நாடகத்தை நடத்திவந்தார்கள். "என் பையனுக்குக் கறுப்புப் பெட்டி ஒண்ணு வேணும், என்ன விலை?" என்று அவள் கேட்பாள். அவளுக்குப் பையன் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

"பையன் இன்னுமா படிச்சு முடிக்கல?" என்றார் நேபாள். "இருபது வருஷமா விலை மட்டும் கேக்கறான். அவனுக்கே இந்நேரம் பையன் பொறந்திருப்பான்."

"கஞ்சப் பையன், நேபாள்தா. என்ன செய்ய?"

"கறுப்பு 44,990. எழுதிக்கங்க. ஆமா, உங்க வெள்ளைக்கு என்ன தட்டுப்பாடு? உங்க டாக்குரியா ஆள் நேத்து வந்து என்கிட்ட இருக்கற அறுபதையும் பேசி முடிச்சிட்டான். நாளைக்குக் காலையில வேன் அனுப்பறான், பணத்தோட. பத்தாததுக்கு வட்டிக்கு எடுக்கறானாம்."

பத்மஜாவின் கை நின்றது. "யாரு, செல்வராஜா?"

"அவனேதான். 'அக்கா எட்டு போட்டுட்டாங்க, சரக்கு வராது'ன்னான். இருபத்தொண்ணு மாதிரியாம்."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. 2021 பூஜையில் அவன் முப்பது கேட்டான், அவள் ஆறு எழுதினாள். உலகமெங்கும் பெட்டி கிடைக்காத வருடம் அது. தட்டுப்பாட்டைக் கடைகளுக்குச் சொல்லக் கூடாது என்று கம்பெனி உத்தரவு. அந்த ஆறைப் பார்த்தே விஷயத்தை ஊகித்த செல்வராஜ், வெளியில் கிடைத்ததையெல்லாம் வாங்கிச் சேர்த்து நல்ல விலைக்கு விற்றான். "நீங்க சொல்லல, உங்க கை சொல்லிடுச்சு" என்று வீடு தேடி வந்து நன்றி சொன்னான். கம்பெனி ஆள் எண்ணைக் குறைத்தால் சரக்கு இல்லை என்று பொருள். கடைவீதி முழுக்க அப்படித்தான் படிக்கும். அவள் மட்டும் அதை மறந்துவிட்டு வேறொரு பொருளில் எழுதியிருந்தாள்.

அறுபது பெட்டி, பெட்டிக்குப் பத்தாயிரம் என்றால் ஆறு லட்சம். மெட்ரோவில் ரவீந்திர சரோவர் வரை வந்து, ஆட்டோ பிடித்து டாக்குரியாவில் இறங்கியபோது மணி ஒன்று பத்து.

செல்வராஜ் கடை வாசலில் சீரியல் விளக்கு கட்டிக்கொண்டிருந்தான். "வாங்கக்கா! இன்னைக்கு வியாழனாச்சே?"

"நேபாள்கிட்ட எடுத்துக்காதீங்கோ."

ஏணியிலிருந்து இறங்காமலே அவன் சிரித்தான். "கோவமாக்கா? வெளியில எடுத்தா உங்க டார்கெட்டுக்கு அடி விழும், அதானே? உங்ககிட்ட இருந்தா நீங்களே கொடுத்திருப்பீங்க. எனக்குத் தெரியாதா?"

"சொன்னாக் கேளுங்கோ. ஒண்ணுகூட எடுக்காதீங்கோ."

"அக்கா, 2021ல பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டவன் நான்" என்று விளக்குச் சரத்தை ஆணியில் சுற்றினான். "மஹாளயா முடிஞ்சு பாருங்க, வெள்ளை அறுபதாயிரத்துக்குப் போகும்."

"முப்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறுக்குப் போகும்" என்றாள் பத்மஜா. "சனிக்கிழமை காலம்பற பத்து மணிக்கு."

விளக்குச் சரம் அவன் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. கவிதா உள்ளேயிருந்து வந்து நின்றாள்.

"அப்ப எட்டு?" என்றான் செல்வராஜ்.

"வேணாம்னு எழுதினேன்."

"அக்கா... அதைச் செவ்வாய்க்கிழமையே வாயால சொல்லியிருக்கலாமே" என்றாள் கவிதா. குரலில் கோபம் இல்லை. செல்வராஜ் ஏணியிலிருந்து இறங்கி போனை எடுத்து நேபாளின் எண்ணைத் தேடினான். என்ன காரணம் சொல்லப்போகிறான் என்று கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை. ஆட்டோ பிடித்து அலுவலகம் போய்விட்டாள்.

மறுநாள், வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கறுப்பின் விலை 35,990 ஆனது. வெள்ளைக்கு இன்னும் ஒருநாள் இருக்கும்போதே எதிராளி முந்திக்கொண்டான். ரஞ்சன் தாளைப் பார்த்த மற்ற மூவரையும் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். நாலில் ஒருவர் வாய் திறந்திருக்கிறார் என்றார். கிடங்குப் பொறுப்பாளர் தாராவைப் பார்த்தார். தாராவின் சித்தி பையன் கறுப்புக் கம்பெனியில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண் போனை எடுத்து மேசைமேல் வைத்து, "பாருங்க சார், எல்லாத்தையும் பாருங்க" என்றாள்.

"நான்தான் சொன்னேன்" என்றாள் பத்மஜா.

ரஞ்சன் மற்ற இருவரையும் வெளியே அனுப்பினார். "பத்மாதி, நான் அதைக் கேக்கல. நீங்க ஒண்ணும் சொல்லல. ரிட்டயர் ஆக ஆறு வருஷம் இருக்கு."

"ஒரு கடைக்காரர்கிட்ட சொன்னேன். நேத்து மதியம், ஒண்ணே காலுக்கு."

அவர் அடையாள அட்டையையும் கணினியையும் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். கடிதம் திங்கட்கிழமை வரும். இருபத்துநான்கு வருடம் மூன்று மாத வேலை ஒரு துணிப்பையில் அடங்கிவிட்டது.

சனிக்கிழமை காலை பத்தே காலுக்குச் செல்வராஜ் போன் செய்தான். குரலில் உற்சாகம். "அக்கா, தப்பிச்சேன்! முப்பத்தொன்பதாயிரத்துக்கு விலை வந்துடுச்சு. நீங்க தெய்வம்க்கா."

"நேபாள் என்ன பண்ணினார்?"

"அந்தாளா? நான் விஷயத்தைச் சொன்னேன்ல, அன்னைக்கு ராத்திரிக்குள்ள அறுபதையும் தள்ளிவிட்டுட்டாரு. பெட்டிக்கு ஐநூறு கம்மி, சரக்கு வராதாம்னு சொல்லி."

"யார்கிட்ட?"

"பாதி பேஹாலா பக்கம்னாங்க. அது நமக்கெதுக்குக்கா?"

பேஹாலா என்றால் ரஞ்சனா கடை. பத்மஜா செருப்பை மாட்டிக்கொண்டாள். மஹாளயாவாதலால் பேருந்தில் கங்கைக்கரையில் தர்ப்பணம் முடித்து ஈர வேட்டியோடு திரும்புகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் நின்றபடி சொல்லவேண்டியதை யோசித்தாள். உத்தரவு மேலிடத்தது என்று சொல்லலாம். வேலையே போய்விட்டது என்று சொல்லலாம். ரஞ்சனாவின் நிறுத்தம் வருவதற்குள் இரண்டும் வாயில் கசந்துவிட்டன.

கடையில் ரஞ்சனா ஒரு தகப்பனுக்கும் அவர் மகளுக்கும் வெள்ளைப் பெட்டியைக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் 39,990 கொடுத்துவிட்டுப் போனார்கள். ரஞ்சனா அந்தப் பணத்தை நெற்றியில் ஒற்றிக்கொண்டு மேசைக்குள் வைத்தாள்.

"வாங்க பத்மாதி. போனி ஆயிடுச்சு. நாப்பத்தாறாயிரத்துக்கு வாங்கினதை முப்பத்தொன்பதாயிரத்துக்கு வித்தேன். போனிக்கு வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாதே." எதிரே தேநீர்க் கடைக்காரரைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினாள். "உங்ககிட்ட எடுத்தது பதினைஞ்சு. வியாழக்கிழமை சாயங்காலம் நேபாள் வேற வந்து, தட்டுப்பாடு வருதுன்னு இருபத்தஞ்சைத் தலையில கட்டிட்டுப் போனான். நாப்பது கிடக்கு. இப்ப முப்பத்தொன்பது."

செல்வராஜ் வேண்டாமென்று விட்ட பெட்டிகள் சுவரோரம் கூரைவரை அடுக்கியிருந்தன. பத்மஜா உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கறேன்" என்றாள் ரஞ்சனா. பலகையில் பழைய விலையை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள். "செவ்வாய்க்கிழமை இங்க உட்கார்ந்து பதினைஞ்சு எழுதினீங்களே. அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

ரஞ்சனா துடைத்து முடித்தாள். துணியைப் பிழிந்து கம்பியில் போட்டாள். தேநீர்க் கடைக்காரர் இரண்டு மண் கோப்பைகளோடு சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தார்.

"ஒண்ணு போதும், காகா" என்றாள் ரஞ்சனா.