சிவப்புத் தகடும் என் கிழக்குச் சுவரும்

ஸ்டென்சில் வெட்டுகிறவன் எழுத்தை எழுதுவதில்லை, தகரத்தில் எழுத்தின் வடிவத்துக்கு ஓட்டை போடுகிறான். அந்த ஓட்டை வழியாக ஊரே பெயிண்ட் அடித்துக்கொள்ளும். அரிசிச் சாக்கு, மின்கம்பம், கல்யாண மண்டபத்து நாற்காலி என்று நீடாமங்கலத்தைச் சுற்றி நீங்கள் பார்த்த பாதி எழுத்து என் கைவேலைதான். சொந்தத் தொழிலே காலை வாரிவிட்ட அனுபவம் உள்ளவர்கள் மேலே படியுங்கள். மற்றவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும்.

பாலம்

வட்டமுள்ள எழுத்தை அப்படியே வெட்டினால் நடுவில் உள்ள தகரம் கழன்று விழுந்துவிடும். அதனால் ஆங்காங்கே மெல்லிய பட்டை விட்டு வெட்டுவோம். அதற்குப் பாலம் என்று பெயர். அச்சில் அந்த இடத்தில் சின்ன இடைவெளி விழும். வாடிக்கையாளர்களுக்கு அதைக் கண்டால் ஆகாது.

ஒரு ரைஸ் மில் முதலாளி, தன் பெயர் துண்டு துண்டாக இருக்கிறதென்று பாலங்களை எல்லாம் தானே கத்தரியால் நறுக்கிவிட்டார். எழுத்தின் வயிறெல்லாம் கொட்டிப்போய், மூட்டைகளில் வெறும் நீலத் திட்டுகள் விழுந்தன. தகட்டை என் மேஜையில் வீசிவிட்டுச் சொன்னார்: "இருபது வருஷமா வெட்டுறீங்க, ஒரு எழுத்தை முழுசா வெட்டத் தெரியலையே உங்களுக்கு."

பொக்கிஷம்

எந்தத் தகடு வெட்டினாலும் முதல் அச்சை என் வீட்டுக் கிழக்குச் சுவரில் அடித்துப் பார்ப்பேன். பட்டா நிலத்தில், வாய்க்காலைப் பார்த்து நிற்கும் இரண்டு அறை வீடு. தகடு வெட்டியே கட்டியது. சுவர் நிறைய நீலத்திலும் கறுப்பிலும் மில் பெயர்கள், 'தொடாதே', 'விற்பனைக்கு அல்ல', ஒரு மயில். என் மனைவி ஸ்டெல்லா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வெள்ளையடிக்கச் சொல்லி ஓய்ந்துபோனாள்.

ஒருநாள் சென்னையிலிருந்து ஓர் ஓவியர் கேமராவோடு வந்தார். குகையில் வாழ்ந்த மனிதன் பாறையில் கையை வைத்துச் சுற்றிலும் சாயத்தை ஊதினானாம். கையை எடுத்ததும் அதன் வடிவம் நின்றதாம். ஸ்டென்சில் அங்கேதான் பிறந்ததாம். வாசலில் ஓட்டைத் தகட்டில் மாவைத் தட்டிக் கோலம் போடுவதும் அதே வம்சமாம். முதல் தடவையாக என்னை ஒருவர் கலைஞர் என்றார். கூச்சமாகவும் கர்வமாகவும் இருந்தது. போகும்போது சுவரைத் தொட்டுச் சொன்னார்: "இதுல ஒரு எழுத்தைக்கூட அழிச்சிராதீங்க சார், இது பொக்கிஷம்."

அரசாங்க ஆர்டர்

வாய்க்கால் கரை வீடுகளை இடிக்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. ஓர் அலுவலகத்திலிருந்து வந்து, இடிக்கவேண்டிய வீடுகளில் அடிக்க 'ஆக்கிரமிப்பு' என்று தகடு கேட்டார்கள். கரையில் இருந்தவர்கள் என் அக்கம்பக்கத்தார். கை கூசியது. நான் வெட்டாவிட்டால் வேறொருவன் வெட்டுவான் என்று, எல்லோரும் சொல்லிக்கொள்கிற சமாதானத்தை நானும் சொல்லிக்கொண்டு வெட்டினேன். வழக்கம்போல முதல் அச்சை என் சுவரில் அடித்தேன், அவர்கள் கேட்ட சிவப்பிலேயே. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அழகாக விழுந்திருந்தது.

ஸ்டெல்லா மண்ணெண்ணெய்த் துணியோடு அதை அழிக்க வந்தாள். ஓவியர் சொன்னதைச் சொல்லித் தடுத்தேன். அவள் துணியை என் காலடியில் போட்டாள். "எந்த வீட்டு மேலயும் எழுதக் கூடாத எழுத்துங்க இது."

ஒரு நூல்

கரையில் இருந்தவர்களுக்கு நோட்டீஸ் வந்தது, எனக்கு வரவில்லை. பட்டாதான் இருக்கிறதே என்று இடிக்கிற அன்றும் மில் வேலைக்குப் போய்விட்டேன். ஸ்டெல்லா போனில் அழுதாள். நான் ஓடி வருவதற்குள் கரை வீடுகளோடு என் கிழக்குச் சுவரும் அதை ஒட்டிய அறையும் தரையில் கிடந்தன. சிவப்பு எழுத்து இருந்தால் இடி என்பதுதான் தனக்குச் சொன்னது என்றார் ஜேசிபி டிரைவர்.

அதிகாரியிடம் பட்டாவை நீட்டினேன். வாங்கவில்லை. அது நான் அடித்துப் பார்த்த முதல் அச்சு என்று கத்தினேன். அதுவும் அவர் காதில் ஏறவில்லை. ஜீப்பிலிருந்து தகட்டை வரவழைத்து, விழுந்து கிடந்த சுவர்த்துண்டில் இருந்த சிவப்பு எழுத்தின்மேல் தானே குனிந்து வைத்துப் பார்த்தார். பாலத்துக்குப் பாலம் பொருந்தியது. நிமிர்ந்து சொன்னார்: "பாருங்க, ஒரு நூல்கூட விலகல. இது எங்க ஆளுங்க போட்டதுதான்."

இப்போதெல்லாம் முதல் அச்சைப் பழைய செய்தித்தாளில்தான் அடித்துப் பார்க்கிறேன். சுவரும் இல்லை, வெள்ளையடிக்கச் சொல்ல ஸ்டெல்லா என்னோடு பேசுவதும் இல்லை.